இருபத்திரண்டு பாட்டில் தண்ணீர்

அன்று மத்தியானம் கெமிஸ்ட்ரி லேப் முழுக்கச் சோப்பு வாசனை. ஜன்னல் ஓரத்து மேஜையில் வரிசையாகப் படுக்கவைத்திருந்த பாட்டில்களில் நுரை கலையாமல் நின்றுகொண்டிருந்தது. நான் ஜெயசீலியின் நோட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வீடு. இருபத்திரண்டு கிணறு. இருபத்திரண்டு பாட்டில் தண்ணீர். அத்தனைக்கும் ஒரே எண்தான். மிஞ்சிப்போனால் கால் மில்லி முன்னே பின்னே இருக்கும்.

"இதெல்லாம் நீயே செஞ்சியா?"

"ஆமா மிஸ்."

"தண்ணிய நீயே கிணத்துல இறைச்சியா?"

அவள் கையிலிருந்த பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். அவள் கூடப் படிக்கிற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டு பியூரெட் குழாயைத் துடைக்கிற பாவனையில் நின்றார்கள். நான் சிவப்புப் பேனாவைத் திறந்து, பக்கத்தின் குறுக்கே மூலைக்கு மூலை 'பொய்' என்று எழுதினேன். எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன்.

'உங்கள் மேல் தப்பே இல்லாத கதையாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிறீர்கள்' என்று இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி போன வாரம் கார்டு போட்டிருந்தார். அம்மணி, இந்த வாரம் உங்களுக்காக.

உப்பைக் கண்டுபிடிக்கிற வித்தை

அறுபதுகளின் பிற்பகுதி. காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து எனக்கு மூன்றாவது வருஷம். வயது இருபத்தேழு. உலகத்திலேயே கெமிஸ்ட்ரியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணம் இன்றைக்கும் முழுக்கப் போய்விடவில்லை.

பி.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு அப்போது பிராக்டிகல் என்றால் உப்பைக் கண்டுபிடிப்பதுதான். ஒரு பொட்டலத்தில் உப்பு கொடுப்போம், அது என்ன உப்பு என்று அவர்கள் சொல்ல வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து சோதனை உண்டு. பிள்ளைகள் ஒரே ஒரு சோதனைதான் செய்வார்கள். அட்டெண்டர் துரைசாமியைக் கேட்பார்கள். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு விடையைச் சொல்லிவிடுவார். அப்புறம் எல்லாச் சோதனையும் செய்த மாதிரி நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள்.

எனக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்தது. விடை தெரிந்த கேள்வியையே மூன்று வருஷம் கேட்டுக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு எப்படி மூளை வளரும்? யாருக்குமே விடை தெரியாத ஒரு கேள்வியைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று முதல்வரிடம் போய் நின்றேன்.

அவர் நல்ல மனிதர், ஆனால் புதுசு என்றால் பயம். ஆராய்ச்சியெல்லாம் பெரிய படிப்புக்காரர்கள் பாடு, நமக்கெதற்கு என்றார். நான் விடவில்லை. கடைசியில் ஒரு வருஷத்துக்கு, நாலே பிள்ளைகளோடு, பரீட்சார்த்தமாகச் செய்துகொள்ள அனுமதி வந்தது. வருஷக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். அவர்கள் சரியென்றால் தொடரலாம், இல்லையென்றால் மறுபடி உப்புப் பொட்டலம்தான்.

கன்னியப்பன் கொண்டுவந்த கேள்வி

கேள்வி தானாக வாசலுக்கு வந்தது. பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் கன்னியப்பன் ஒரு நாள் கையில் ஒரு கட்டுப் பட்டு நூலோடு கல்லூரிக்கு வந்து, கெமிஸ்ட்ரி வாத்தியார் யார் என்று கேட்டிருக்கிறார். என்னைக் காட்டியதும் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார்.

அரக்குச் சிவப்புச் சாயம். ஒரு இடத்தில் ஆழமாகவும் ஒரு இடத்தில் வெளிறியும் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. அதே சாயப் பொடியில் அடுத்த தெருக்காரர் தோய்த்தால் ஒரே சீராக வருகிறதாம். பொடியில் கலப்படமா, இல்லை யாராவது கண் வைத்துவிட்டார்களா என்பது அவர் சந்தேகம்.

எனக்குத் தண்ணீர் மேல்தான் சந்தேகம் வந்தது. சாயம் போடுவதற்கு முன்னால் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி, அதன் பசையை எடுப்பார்கள். தண்ணீர் கடினமாக இருந்தால் சோப்பு கரையாமல் திரிந்து, நூலில் அங்கங்கே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் சாயம் சரியாகப் பிடிக்காது.

ஆகவே, பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கிணற்றுத் தண்ணீர் எப்படி என்று பார்க்கலாம். சோதனையும் எளிது. அளந்த தண்ணீரில் ஸ்பிரிட்டில் கரைத்த சோப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும். பாட்டிலைப் படுக்கவைத்தால் ஐந்து நிமிடம் நுரை கலையாமல் நிற்க வேண்டும். நல்ல தண்ணீர் கொஞ்சம் சோப்பிலேயே நுரைத்துவிடும். கெட்ட தண்ணீர் சோப்பைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் கெஞ்சிப் பழைய டானிக் பாட்டில்கள் வாங்கினோம். அலசி, பிளாஸ்திரி ஒட்டி, அதன் மேல் வீட்டு எண் எழுதினோம். கிணற்றில் நீங்களே வாளி விட்டு இறைத்து நிரப்ப வேண்டும், இதில் யாரையும் நம்பக் கூடாது என்று நாலு பேருக்கும் நாலு தடவை சொன்னேன்.

இரண்டு தெருக்களை முதலில் எடுத்தோம். ஒன்று பத்மாவுக்கு. அவள் நெசவுக்கார வீட்டுப் பெண், பிள்ளையார்பாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இன்னொன்று, கன்னியப்பன் வீடு இருக்கிற தெரு, ஜெயசீலிக்கு. அவள் தாமலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். அப்பா, அண்ணன் எல்லாம் ஒரு காலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டியவர்கள். மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்தக் குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரிக்குள் கால் வைத்தவள் அவள். அதிகம் பேச மாட்டாள். கையெழுத்து மட்டும் முத்து மாதிரி இருக்கும். சென்னையில் எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்பது அவள் ஆசை, அதற்கு என் சிபாரிசுக் கடிதம் வேண்டும்.

பத்மாவின் எண்கள் ஏறின, இறங்கின. ஒரு வீட்டில் நல்ல தண்ணீர், அடுத்த வீட்டில் கடினம். ஜெயசீலியின் எண்கள் எல்லாம் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி ஒரே உயரத்தில் நின்றன. கன்னியப்பன் வீட்டுத் தண்ணீர்கூட அருமையான தண்ணீர் என்றது அவள் நோட்டு. அப்புறம் அந்த மனுஷன் சிவப்பு ஏன் திட்டுத் திட்டாகப் போகிறது?

பாம்பின் கால்

எனக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் கோபம் வந்தது என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பாம்பின் கால் பாம்பறியும்.

நான் சென்னையில் படித்த காலத்தில் நானும் இதையே செய்திருக்கிறேன். ஒரு நாள் மாட்டினி ஷோவுக்குப் போகிற அவசரத்தில், பியூரெட்டைத் திறக்காமலே, முந்தின வருஷத்து அக்கா நோட்டிலிருந்து எண்களை எடுத்து அங்கே இங்கே ஒரு புள்ளி மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். எங்கள் பேராசிரியர் பெரிய கில்லாடி. அந்த வருஷம் அமிலத்தின் வீரியத்தையே மாற்றி வைத்திருந்தார். என் எண் மட்டும் பழைய அமிலத்தின் எண்ணாக இருந்தது.

அவர் திட்டவில்லை. ஒரு மாதம் வகுப்பில் எல்லோருடைய பியூரெட்டையும் என்னைக் கழுவச் சொன்னார். நானும் கழுவினேன், மாட்டினி ஷோவின் கதைகூட இப்போது ஞாபகம் இல்லை.

அதனால் இட்டுக்கட்டின எண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். அழகாக, வம்பில்லாமல், ஒன்றுபோல் ஒன்றாக இருக்கும். ஜெயசீலியின் பக்கம் அப்படித்தான் இருந்தது.

"இன்னொரு தபா எடுக்கறேன் மிஸ். இன்னிக்குக் காத்தாலகூட பாட்டில் குடுத்துட்டுதான் வந்தேன், நாளிக்கி எடுத்துக்கலாம்னு" என்றாள். குரல் எழும்பவே இல்லை.

அந்தப் பேச்சிலேயே விஷயம் முழுக்க இருந்தது. 'குடுத்துட்டு வந்தேன்' என்கிறாளே, இறைத்து நிரப்ப வேண்டிய பாட்டிலை ஏன் கொடுத்துவிட்டு வருகிறாள் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் நின்றதே, காது எங்கே கேட்கும்? நாளையிலிருந்து நீ வர வேண்டாம், சிபாரிசு என்று என் முன்னால் வந்து நிற்கவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

சோப்பு எங்கே போச்சு?

அன்று சாயங்காலம் துரைசாமி சாவி கேட்டு வந்தார். மதுவிலக்குக் காலம். லேபில் ஸ்பிரிட் இருக்கிற பீரோவின் சாவியை நான் முந்தானையில் முடிந்து வைத்திருப்பேன்.

சோப்புக் கரைசல் மறுபடி தீர்ந்துபோயிற்று, கலக்க ஸ்பிரிட் வேண்டும் என்றார். நேற்றுத்தானே கலக்கினீர் என்றேன். என்னிடம் குறைப்பட்டுக்கொள்ள அவருக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்துவிட்டது.

"அந்தத் தாமல் பொண்ணு ஒவ்வொண்ணையும் ரெண்டு தபா, மூணு தபா செய்யுதும்மா. ஒரே மாரி வருதேன்னு ஜாடி ஜாடியா ஊத்திக் குலுக்கிக்கினே இருக்குது. கலக்கிக் கலக்கி என் கைதான் வெந்துபோச்சு."

சாவியை அவிழ்த்த கை அப்படியே நின்றது.

மாட்டினி ஷோவுக்கு ஓடிய அன்று நான் பியூரெட்டைத் தொடவே இல்லை. அதுதானே பொய்யின் சுகம்! பொய் சொல்கிறவளுக்கு எதற்கு இத்தனை சோப்பு?

மறுநாள் விடிந்ததும் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்துப் பிள்ளையார்பாளையம் போனேன். தறிச் சத்தம் அப்போதே ஆரம்பித்துவிட்டது. தெருக் கோடியில் ஒரு பொதுக் கிணறு, நல்ல தண்ணீர்க் கிணறு என்று பெயர். பெண்கள் குடமும் கையுமாகச் சுற்றி நின்றார்கள்.

குடங்களுக்கு நடுவே எங்கள் டானிக் பாட்டில்கள் இருந்தன. பிளாஸ்திரியில் ஜெயசீலியின் முத்து எழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்து ஒன்பதில் நிறுத்திவிட்டேன்.

கன்னியப்பனின் சம்சாரம் சரோஜாம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். அவர் இடுப்பில் குடம், கையில் எங்கள் பாட்டில். வீட்டுக் கிணற்றை விட்டுவிட்டு இங்கே எதற்கு நிரப்புகிறீர்கள் என்று கேட்டேன். கேட்ட என்னை ஒரு விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எங்க வூட்டுத் தண்ணில பருப்பே வேவாதும்மா. அதப் போயி காலேஜுக்குக் குடுத்தனுப்புவாங்களா? உப்புத் தண்ணி வூடுன்னு பேரு வந்துட்டா, நாளிக்கி எம் பையனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

ஒருத்திக்கொருத்தி சொல்லி வைத்துக்கொண்டு செய்ததுகூட இல்லை. தெருவில் இருபத்திரண்டு பெண்களும் தனித்தனியாக யோசித்து, தனித்தனியாக வந்து, ஒரே கிணற்றில் நிரப்பியிருக்கிறார்கள். வீட்டு மானம் பாட்டிலில் போகிறதே!

அந்தப் பெண் ஏன் தானே இறைக்கவில்லை என்று கேட்டேன். சரோஜாம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது வாசல்ல நின்னுக்கினு பாட்டிலக் குடுக்கும். நாங்க ரொப்பி வெப்போம். நல்ல பொண்ணுதாம்மா, கொற சொல்லக் கூடாது. ஆனா கொல்லையில கிணத்தாண்ட எப்படிம்மா வுடறது?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்கிற மாதிரி சொன்னார். எனக்குத்தான் தெருவில் நிற்க வெட்கமாக இருந்தது. பத்மா கொல்லைப்புறம் வரைக்கும் போய் அத்தை, சித்தி என்று பேசிக்கொண்டே இறைத்துக்கொண்டு வந்தாள். ஜெயசீலியை வாசற்படியோடு நிறுத்தினார்கள். நான் 'நீயே இறைச்சியா?' என்று மூன்று பேர் எதிரில் கேட்டபோது அவள் என்ன பதில் சொல்லியிருக்க முடியும்? இரண்டு பேரையும் ஒரே மாதிரி அனுப்பிவிட்டேன் என்ற நிம்மதியில் இருந்தது நான்தான்.

சோப்பு தண்ணீரைத் தேடிப் போனது

அன்றைக்கே அவளை லேபுக்குக் கூப்பிட்டேன். யார் எதிரில் எழுதினேனோ அந்த மூன்று பேரையும் நிற்கவைத்துக்கொண்டு, நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். மன்னிப்பு என்கிற வார்த்தை எனக்கு அப்போதெல்லாம் வாயில் வராது. அன்று வந்தது. பக்கத்தைக் கிழித்துவிடு, வேறு நோட்டில் புதிதாக எழுதிக்கொள் என்றேன்.

"வேணாம் மிஸ். ரீடிங் நெசந்தானே, தண்ணிதானே வேற. கிழிச்சா அதுவும் போயிடும்."

சரி என்று விட்டேன். இனிமேல் அவள் தெருவுக்குப் பத்மாவை அனுப்பிவிடலாம், நீ லேபிலேயே இரு என்று சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. அவள் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்து, அது தன் தெரு என்றாள். ஒரு நாள் யோசிக்க நேரம் கேட்டாள்.

மறுநாள் அவள் கொண்டுவந்த யோசனையை நான் இருபது வருஷம் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன், அவள் பெயரோடுதான்.

"தண்ணிய வெளிய எடுத்தாதான் மிஸ் மானம் போவுதுன்னு பயப்படறாங்க. தண்ணி வூட்லயே இருக்கட்டும். சோப்ப நாம எடுத்துக்கினு போலாம். அவங்களே குலுக்கிப் பாக்கட்டும்."

அப்படியே செய்தோம். ஒரு அளவு போட்ட பாட்டில், ஒரு சொட்டுக் குழாய், ஒரு சீசா சோப்புக் கரைசல். ஜெயசீலி வாசலில் நிற்பாள். வீட்டுப் பெண் கொல்லையில் தன் கிணற்றில் இறைத்து, தானே சொட்டு விட்டு, தானே குலுக்குவாள். ஐந்து நிமிடத்துக்குக் கடிகாரம் வேண்டுமே! என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். என் அப்பா வாங்கிக் கொடுத்தது. அதுவரை நான் அதை யாரையும் தொடவிட்டதில்லை.

தன் தண்ணீர் எத்தனை சொட்டுக் குடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தப் பெண்களுக்கு வந்த ஆர்வத்தைப் பார்க்க வேண்டுமே! பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வருவார்கள். சரோஜாம்மா கிணறு சோப்பைக் குடித்துக்கொண்டே போயிற்று, மேலே தயிர் திரிந்த மாதிரி மிதந்தது. கன்னியப்பன் எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை நாள் இதிலா நூலைக் காய்ச்சினேன் என்று திகைத்துப்போனார்.

"நான்தான் பருப்பு வேவலன்னு பத்து வருசமா சொல்லிக்கினு கீறேனே. எங்க காது குடுத்தாரு?" என்றார் அவர் மனைவி.

நியாயமான கேள்வி. எங்கள் பியூரெட் கண்டுபிடிக்க வேண்டியதை அவர் பருப்புச் சட்டி எப்போதோ கண்டுபிடித்திருந்தது. பசை எடுக்கிற தண்ணீரை மட்டும் பொதுக் கிணற்றிலிருந்து எடுத்துக் காய்ச்சிப் பாருங்கள் என்றோம். அடுத்த முறை அவர் கொண்டுவந்து காட்டிய சிவப்பில் ஒரு திட்டுக் கிடையாது.

தெருவில் எல்லா வீட்டிலும் ஜெயசீலியை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான். நாலைந்து வீடு கூப்பிட்டது. மற்ற வீடுகளில் கடைசி வரை வாசலில்தான் நின்றாள். நின்றபடியே இருபத்திரண்டு கிணற்றையும் முடித்தாள்.

மூன்று பேர்

வருஷக் கடைசியில் சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முதல்வர் காலையிலிருந்தே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானும் தெம்பாக இருக்கிற மாதிரி காட்டிக்கொண்டேன். ஏழு மாதம் பாடுபட்டது அன்று ஒரு மணி நேரத்தில் நிற்கும் அல்லது விழும். ஜெயசீலியின் எம்.எஸ்ஸி.யும் அதோடு கட்டிக் கிடந்தது. வந்தவர்களில் பெரியவர்தான் அந்த இடங்களைத் தீர்மானிக்கிற குழுவிலும் இருந்தார்.

அவர் ஜெயசீலியின் நோட்டைத்தான் முதலில் எடுத்தார். மெதுவாகப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நிறுத்தினார். மூலைக்கு மூலை என் சிவப்பு எழுத்து. முதல்வர் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது, பொய்யின்னு எழுதியிருக்கு?" என்று பெரியவர் ஜெயசீலியைக் கேட்டார்.

அவள் அன்றைக்கு நின்ற மாதிரியே நின்றாள். கையில் மட்டும் என் கடிகாரம் இருந்தது. அவள் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். ஆனால் அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை அது.

நான் எழுந்து நின்றேன்.

"அது நான் எழுதினது சார். இந்த நோட்டுல இருக்கிற ஒரே பொய் அதுதான்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். நோட்டை ஜெயசீலி பக்கம் திருப்பி வைத்து, எதிரில் இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உக்காந்து சொல்லும்மா" என்றார்.

அவள் உட்கார்ந்தாள். சிவப்பு எழுத்து இருந்த பக்கத்திலிருந்தே ஆரம்பித்தாள்.